சாமி வரும் ஒழுங்கையில் பஞ்சலிங்கத்தின் கார்

உடுவிலில் பஞ்சலிங்கத்தின் காரைப் பார்த்து அறிந்தவர்களைவிடக் கேட்டு அறிந்தவர்கள் அதிகம். எந்தக் குழியில் விழுந்தாலும் முன்பக்கத்தில் இருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். குழி பெரிதென்றால் இரண்டு தரம் வரும். பஞ்சலிங்கம் சந்தைக்குப் போகிறார், பஞ்சலிங்கம் திரும்பி வந்துவிட்டார் என்று பெண்டுகள் குசினிக்குள் நின்றே சொல்லிவிடுவார்கள்.

கதவு இரண்டே இரண்டு. மூக்கு நீளம். வயிறு நிலத்தோடு ஒட்டினாற்போல் இருக்கும். நாற்பது வருசத்துக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார். அது பிறந்த நாட்டில் எவ்வளவு வேகமாக ஓடியதோ தெரியாது. இங்கே பதினான்கு வருசமாகப் பின்கதவைத் தூக்கிக் கோவா மூட்டையும் வெங்காயப் பிடியும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய்வருகிறது. தண்ணி இறைக்கிற மெசினுக்கு ஒரு சாமான் வாங்கவென்று வவுனியாவுக்குப் போன பஞ்சலிங்கம், பழைய இரும்புக்கடை ஒன்றின் பின்வளவில் இதைக் கண்டார். காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மெசின் சாமானை வாங்க மறந்துபோனார். அதை அவருடைய பெண்சாதி பராசக்தி இன்றைக்கும் மறக்கவில்லை.

பஞ்சலிங்கம் ஐந்தாம் வகுப்போடு தகப்பனின் தோட்டத்துக்கு இறங்கியவர். இப்போது வயது ஐம்பத்துநாலு. மெசினைக் கழற்றிப் பூட்டிப் பழகி, அயலில் யாருடைய மெசின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பின்னேரப் பூசைக்குக் கையில் எண்ணெய்க் கறையோடு போகமாட்டார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தேசிக்காய்த் தோலால் தேய்த்து, நகக்கண்ணை ஈர்க்கால் கிண்டி, கிணற்றடியில் தலையோடு தண்ணி வார்த்த பிறகுதான் பிள்ளையாரின் விபூதித் தட்டத்தைத் தொடுவார். அது ஒன்றில் மட்டும் அவரிடம் விட்டுக்கொடுப்பு இல்லை.

பராசக்திக்கு இருந்த ஆசை வேறு. வேட்டைத் திருவிழா அன்று பிள்ளையார் குதிரை வாகனத்தில் ஊருக்குள் வருவார். பெரிய றோட்டால் வந்து, சந்தியோடு திரும்பிவிடுவார். சந்தியில் இருந்து உள்ளே போகிற அவர்களுடைய ஒழுங்கைக்கு வருவதில்லை. பன்னிரண்டு வருசமாகப் பராசக்தி கோயில் செயலாளர் சோமசேகரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஒழுங்கை ஒடுக்கம் பிள்ளை, வாகனம் வராது” என்று பன்னிரண்டு வருசமும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். இந்த வருசம் ஒழுங்கைச் சனம் எல்லாம் சேர்ந்து வேலியை உள்ளே தள்ளிக் கட்டி, கிளுவங்கொப்புகளை வெட்டிவிட்டார்கள். சோமசேகரம் அளவு நாடாவோடு வந்து, குனிந்து நிமிர்ந்து அளந்து, கடைசியில் சம்மதித்தார்.

“வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமி வரும். ஆனால் ஒழுங்கையிலை ஒரு ஆட்டுக்கட்டைகூட நிக்கக்கூடாது. நிண்டுதெண்டால் சந்தியோடை திருப்பிப்போடுவம். பிறகு என்னை ஒருத்தரும் கேக்கப்படாது, சொல்லிப்போட்டன்.”

அப்படிப்பட்ட கிழமையில் பஞ்சலிங்கம் ஏன் காரைத் தொட்டார்? சாமான் அந்தக் கிழமைதான் வந்தது. முன்சில்லைப் பிடித்திருக்கிற இரும்புக் கை காரோடு சேருகிற மூட்டில் ஒரு றப்பர் உருளை இருக்கும். புஷ் என்பார்கள். அது தேய்ந்து போனதால்தான் அந்த டொக் சத்தம். கொழும்பில் சொல்லிவைத்து இரண்டு மாசம் கழித்து, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பார்சல் வந்து இறங்கியது. பிள்ளையார் வாசலுக்கு வருகிற கிழமையில் வீட்டில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று அவர் நினைத்தார்.

“ஒரு நாள் வேலை” என்று பராசக்திக்குச் சொன்னார்.

“மெசின் சாமான் வாங்கப் போகேக்கையும் ஒரு நாள் வேலை எண்டுதான் சொன்னனீங்கள்.”

வளவு முழுக்கச் செம்மண். அதில் ஜக்கை வைத்தால் ஜக்தான் கீழே போகும், கார் மேலே வராது. கெட்டியான இடம் என்றால் கேற்றடியில் கிடக்கிற சீமெந்துச் சரிவு மட்டும். ஆகவே புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, காரின் மூக்கைக் கேற்றுக்குள்ளே விட்டு, முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பனங்குற்றிகளில் நிறுத்தினார். பின்பாதி ஒழுங்கையில் நின்றது. சைக்கிள் போகலாம். குதிரை வாகனம் போகாது.

அன்று கழற்றவே பொழுதுபட்டுவிட்டது. நாற்பது வருசத் துருவை ஒரு நாளில் அசைக்க முடியுமா? எண்ணெய் விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிள்ளையாரைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒழுங்கையால் போன ஒவ்வொருவரும் நின்று ஒவ்வொரு புத்தி சொன்னார்கள். இடப்பக்கம் திருப்பச் சொல்லி ஒருவர், வலப்பக்கம் திருப்பச் சொல்லி இன்னொருவர். அவர் காரின் அடியில் கிடந்தபடி எல்லாருக்கும் “ஓம், ஓம்” என்றார். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாத்திரம் குனிந்து முகத்தைப் பார்த்துக் கேட்டா.

“தம்பி, அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டோ? துலைஞ்ச சாமான் எடுத்துத் தருவார்.”

“சாமான் துலையேல்லை அக்கா. கண்ணுக்கு முன்னாலை நிண்டுகொண்டு வரமாட்டன் எண்டுது.”

“அப்ப அது அவரின்ரை வேலை இல்லை” என்று லூர்த்தம்மா போய்விட்டா.

வியாழக்கிழமை காலையில் பழைய றப்பரை எரித்து எடுக்கவேண்டி வந்தது. வெளியடுப்பில் பராசக்தி விரதச் சமையல் செய்து இறக்கின கையோடு, அதே தணலில் பஞ்சலிங்கம் இரும்புக் கைகளைச் செருகினார். கறுத்த புகை கிளம்பிச் சோற்றுப் பானைக்கு மேலால் போனது.

“கோயில் கொடியேறி விரதம் பிடிக்கிற வீட்டிலை ரயர் எரிக்கிற மணம். உங்களுக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோ?”

“தணல் வீணாப்போகுது எண்டு…”

“நாளைக்குப் பிள்ளையார் வந்து மூக்கைச் சுழிக்கப்போறார். அவரின்ரை மூக்கும் சின்னன் இல்லை.”

பஞ்சலிங்கம் சூடாறிய இரும்புக் கைகளைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனார். நீர்க்குழாய்த் துண்டையும் நீளமான போல்ற்றையும் வைத்துத் தானே ஒரு அழுத்தியைச் செய்து, சவர்க்காரத் தண்ணி தடவிப் புதுப் புஷ்களை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினார். அதில் அவருக்கு நிகர் இல்லை. பிசகாமல் போய் இருந்தன. இரும்புக் கைகளைக் காரில் பொருத்தி, சில்லுகளையும் மாட்டியபோது நேரம் ஒரு மணி.

வியாழனில் ராகுகாலம் ஒன்றரைக்குப் பிறக்கும். கழற்றுகிற வேலையை எந்த நேரத்திலும் செய்யலாம், பூட்டுகிற வேலை ராகுகாலத்தில் முடியக்கூடாது என்பது பஞ்சலிங்கம் வைத்திருந்த முறை. கிணற்று மெசினுக்கும் அதுதான், கதவுப் பூட்டுக்கும் அதுதான். ஆகவே சில்லுகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, கையில் கிடைத்த வேகத்தில் நாலு போல்ற்றையும் இறுக்கத் தொடங்கினார். மூன்று இறுகின. நாலாவது நட்டுக் கொஞ்சம் கோணலாக ஏறியது. வேறு நாளென்றால் அவர் அதைத் திருப்பி எடுத்து, ஊதித் துடைத்து, விரலால் மரை பிடிக்கவைத்து ஏற்றியிருப்பார். விறாந்தை மணிக்கூடு ஒன்று இருபத்துநாலு காட்டியது. ஸ்பானரில் குழாய்த் துண்டைச் செருகி, முருகா என்று ஒரு அமத்து அமத்தினார். நட்டு முனகிக்கொண்டு ஏறியது.

ஒன்று இருபத்தெட்டு. கற்பூரம் ஒன்றைக் கொளுத்திக் காருக்குக் காட்டிவிட்டு, சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கும் கேதீஸ்வரனுக்குப் போன் எடுத்தார். கேதீஸ்வரன் இந்தக் காரைத் தொடமாட்டேன் என்று முன்னமே கும்பிட்டு அனுப்பியவன். முடித்துவிட்டேன் என்று அவனுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

“நல்லது அண்ணை. கீழை இறக்கிப்போட்டுத்தானே இறுக்கினனீங்கள்?”

“இல்லை, தொங்கேக்கை. அப்பதானே வசதி.”

கேதீஸ்வரன் கையில் இருந்த சுத்தியலைக் கீழே போடுகிற சத்தம் போனில் கேட்டது.

“அண்ணை, நீங்கள் சாமி காவின ஆள்தானே? தோளிலை சால்வையை மடிச்சு வைச்சு அதுக்கு மேலை தண்டை ஏத்துறது. அந்தச் சால்வையை எப்ப சரி பண்ணுவியள்? குந்தி இருக்கேக்கையோ, எழும்பிப் பாரம் தோளிலை இருந்தாப்பிறகோ?”

“பாரம் இருந்தாப்பிறகுதான். முதலே இறுக்கிக் கட்டினால் எழும்பேக்கை முறுகிப்போம்.”

“அந்தச் சால்வைதான் அண்ணை புஷ். சில்லு தொங்கேக்கை இறுக்கினால், கார் இறங்கின உடனை றப்பர் முறுகி நிக்கும். ஒரு மாசத்திலை கிழிஞ்சு திரும்ப டொக் எண்ணும். எல்லாத்தையும் இளக்குங்கோ. கீழை இறக்கி, உள்ளுக்கு ரெண்டு ஆளை இருத்திப்போட்டு இறுக்குங்கோ.”

பஞ்சலிங்கம் போனைப் பார்த்தார், காரைப் பார்த்தார், எரிந்து முடிந்த கற்பூரத்தின் கறுப்பைப் பார்த்தார். இருபது வருசம் சாமி காவிய தோளை ஒருதரம் தடவிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ராகுகாலம் முடிந்தது. முதல் மூன்று போல்ற்றும் இளகின. நாலாவதுதான், அந்தக் கோணல் நட்டு, அரைச்சுற்று வந்து நின்றது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. குழாயைச் செருகி இழுத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். போல்ற்றின் தலை அவருடைய கையோடு வந்தது.

அந்தப் போல்ற் இல்லாமல் சில்லுக்குப் பிடிமானம் இல்லை. காரை ஒரு முழம்கூட உருட்ட முடியாது.

பராசக்தி கேற்றடிக்குத் தோரணம் கட்டக் குருத்தோலையோடு வந்தாள். அவர் கையில் இருந்த இரும்புத் துண்டைக் கண்டாள். கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

“பன்னிரண்டு வருசம்” என்றாள்.

“நாளைக்கு விடிய சுன்னாகத்திலை எடுத்திடலாம்.”

“சோமண்ணை ஒடுக்கம் ஒடுக்கம் எண்டு நிண்டார். சனம் வேலியையே பிரிச்சுது. லூர்த்தக்கா வேதக்காரி, அவகூடத் தன்ரை பூமரத்தை வெட்டினா. இப்ப சாமி சந்தியிலை நிண்டு உங்கடை காரின்ரை பின்பக்கத்தைப் பாத்திட்டுத் திரும்பிப் போகப்போறார்.” அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பஞ்சலிங்கத்துக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. விரதம் என்று சொன்னார்.

வெள்ளி விடிய சைக்கிளில் சுன்னாகத்துக்கு ஓடினார். முதல் கடையில் நீளம் சரி, மொத்தம், அதாவது தடிப்பு, சரியில்லை. இரண்டாவது கடையில் மொத்தம் சரி, மரை வேறு. மூன்றாவது கடைக்காரர் முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வாகனம் என்று கேட்டார். பஞ்சலிங்கம் சொன்னார்.

“அதுக்குப் போல்ற் தேடித் திரியாதேங்கோ அண்ணை. போல்ற்றை வைச்சுக்கொண்டு வேறை கார் தேடுங்கோ.”

கடையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். பஞ்சலிங்கமும் கொஞ்சம் சிரித்துவைத்தார். வேறு என்ன செய்வது?

கடைசியில் கேதீஸ்வரனின் கராஜ். அவன் ஒரு பழைய பால்மா ரின்னைக் கவிழ்த்துக் கொட்டி, கிண்டிக் கிண்டி ஒரு போல்ற்றை எடுத்தான். வேறொரு பழைய காரில் இதே மாதிரியான மூட்டில் இருந்தது. நீளம், மொத்தம், மரை எல்லாம் ஒத்துவந்தன. புதுநட்டு ஒன்றையும் விரலால் ஏற்றிக் காட்டினான்.

“இந்தாங்கோ, ஓடுங்கோ.”

பஞ்சலிங்கம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தே முக்கால். வெள்ளியில் ராகுகாலம் பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரை.

“பன்னிரண்டு அடிக்க எடுக்கிறன்.”

“அண்ணை, ராகுகாலத்துக்குப் பயந்துதானே நேற்று அதை முறிச்சனீங்கள்?”

“ஓம். பயப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் என்னென்ன முறிஞ்சிருக்குமோ.”

கேதீஸ்வரன் தலையில் கையை வைத்தான். பிறகு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தான். பஞ்சலிங்கம் கராஜ் வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கும்வரை இருந்தார்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த சோதனை. இரும்புக் கையின் துளையும் காரின் துளையும் ஒன்றுக்கு நேரே ஒன்று வரவில்லை. ஒரு நூல் அளவு பிசகு. இந்தப் பக்கம் தள்ள அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் தள்ள இந்தப் பக்கம் வந்தது. மேலே ஒழுங்கையில் தண்ணி தெளிக்கிற சத்தம், கூட்டுகிற சத்தம். யாரோ நிறைகுடத்துக்கு மேசை தூக்கிக்கொண்டு வந்து, கார் நின்றதால் சுற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவர், “அண்ணை, காருக்கும் ஒரு மாலை போட்டுவிடட்டோ? வாகனம்தானே” என்றார். கீழே கிடந்தவர் இரும்புக் கையை இன்னொருதரம் தள்ளிப் பார்த்தார்.

நாலரைக்குப் போல்ற் உள்ளே போனது. நட்டை விரலால் ஏற்றினார். வழுக்கிக்கொண்டு ஏறியது. அடியில் நுழைய இடம் இருக்கவேண்டுமென்று முன்சில்லுகளுக்குக் கீழே தடித்த பனம்பலகைகளை அடுக்கி, அவற்றின் மேல் காரை இறக்கினார். பனங்குற்றிகளைக் காவலுக்கு அடியிலேயே விட்டார். இனி இருக்கிறது இறுக்குகிற வேலை. அதற்கு உள்ளே இரண்டு பேர் பாரம் வேண்டும்.

அப்போதுதான் சோமசேகரம் வந்தார். வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை, நெற்றி நிறைய விபூதி. காரைக் கண்டு கேற்றடியில் நின்றார்.

“பஞ்சலிங்கம், என்ன உது? சாமி வெளிவாசலாலை வெளிக்கிட்டாச்சு. மேளம் கேக்கேல்லையோ உனக்கு?”

“கேக்குது அண்ணை. கால் மணித்தியாலம்.”

“நான் அண்டைக்கே சொன்னன், ஒரு ஆட்டுக்கட்டைகூட நிக்கப்படாது எண்டு. நீ பாதிக் காரை விட்டிருக்கிறாய். நான் சந்திக்குப் போறன், திருப்பச் சொல்ல.”

“அண்ணை, ஏறி இருங்கோ.”

“எங்கை?”

“காருக்குள்ளை. ஓட்டுற பக்கம். பாரம் இருந்தால்தான் இறுக்கலாம். நீங்கள் போய்ச் சொல்லித் திருப்பிற நேரத்துக்குள்ளை நான் இறுக்கி எடுத்திடுவன். பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு இருங்கோ, அண்ணை.”

பஞ்சலிங்கத்தின் முகத்தில் எண்ணெயும் மண்ணும் வியர்வையும். அதற்குள் கண் இரண்டும் சிவந்திருந்தன. சோமசேகரம் சந்திப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். ஏறினார் என்று சொல்ல முடியாது, பலகைகளில் நின்றபோதும் அவ்வளவு பதிவு அந்தக் கார். மற்றப் பக்கம் பராசக்தியும் ஏறி, பட்டுச் சேலையோடு, மடியில் அருச்சனைத் தட்டத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

பஞ்சலிங்கம் அடியில் நுழைந்தார். மேலே இருந்து பேச்சு ஒவ்வொரு சொல்லாக இறங்கியது.

“காலை எங்கை பிள்ளை வைக்கிறது இதுக்குள்ளை?”

“ஒடுக்கம்தான் சோமண்ணை. நீங்கள்தான் ஒடுக்கத்தை அளக்கிறதிலை கெட்டிக்காரர் ஆச்சே.”

“நக்கல் கதையாதை. தேங்காய் உருளுது, பிடி.”

“நீங்கள் ஆடாமல் இருந்தால் அது உருளாது.”

“ஆடாதேங்கோ ரெண்டு பேரும்” என்று கீழே இருந்து குரல் வந்தது.

முதலாவது இறுகியது. இரண்டாவது. மேளச் சத்தம் பெரிய றோட்டில் இருந்து சந்திக்கு வந்துவிட்டது. மூன்றாவது. நாலாவதுக்கு வந்தார். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நட்டின் மரையை விரலால் ஒருமுறை தடவி, ஸ்பானரை மெல்ல வைத்து, நிதானமாகச் சுற்றினார். சந்தியில் நாதஸ்வரம் ஒரே இடத்தில் நின்று வாசித்தது. திருப்புவதா, உள்ளே விடுவதா என்று அங்கே நின்றவர்கள் செயலாளரைத் தேடுகிறார்கள். செயலாளர் இங்கே பாரமாக இருக்கிறார்.

நட்டு இறுகி நின்றது. பஞ்சலிங்கம் பனங்குற்றிகளை உதைத்து அகற்றிவிட்டு வெளியே வந்தார்.

“அண்ணை, ஸ்ரியரிங்கை நேரே பிடியுங்கோ. ஓட்டத் தேவையில்லை. தம்பிமார், பின்னாலை தள்ளுங்கோ பாப்பம்.”

வாசலில் நின்ற நாலு பேர் பின்னால் கொடுத்துத் தள்ளினார்கள். கார் பலகையில் இருந்து முன்னுக்கு உருண்டு, ஒரு சாண் உயரத்தில் இருந்து சரிவில் விழுந்து, சரிவில் இருந்து செம்மண்ணில் விழுந்து, வளவுக்குள் போய் மாமரத்தடியில் நின்றது. பஞ்சலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன பஞ்சலிங்கம், சத்தத்தைக் காணேல்லை?” என்றார் சோமசேகரம் உள்ளே இருந்தபடி. பிறகு தான் யார் என்பது நினைவுக்கு வந்ததுபோல் கதவைத் திறந்து, இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட, சால்வையை உதறிக்கொண்டு சந்தியை நோக்கி ஓடினார். “விடச் சொல்லு, உள்ளுக்கு விடச் சொல்லு” என்று அவர் கத்திக்கொண்டு போனது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

பஞ்சலிங்கம் கிணற்றடிக்கு ஓடினார். சவர்க்காரம் ஒருதரம். தேசிக்காய் தேடினார், கிடைக்கவில்லை. அதற்குள் மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. கை கறுப்பாகவே இருந்தது. பன்னிரண்டு வருசம் கேட்டு முதல்தரம் பிள்ளையார் வாசலில் வந்து நிற்கிறார், அவருக்கு முன்னே போய் நிற்க முடியவில்லை. கேற்றுக்கு உட்புறம், குருத்தோலைத் தோரணத்துக்குப் பின்னால், கைகளை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு நின்றார்.

பராசக்தி காரில் இருந்து இறங்கி வந்து, தேங்காய் உருண்டுபோன தட்டத்தைக் கொடுத்தாள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். “பஞ்சலிங்கம், திருவாதிரை” என்றாள். ஒரு கணம் விட்டு, “அவர் உள்ளுக்கை நிக்கிறார் ஐயா, கிட்ட வரேலாது. காரோடை நிண்டவர்” என்றாள். ஐயர் எட்டிப் பார்த்து, கேற்றுக்கு மேலால் கையை நீட்டி, பஞ்சலிங்கத்தின் நெற்றியில் தானே விபூதியைப் பூசிவிட்டார். பஞ்சலிங்கத்துக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை.

குதிரை வாகனம் மெல்ல ஆடிக்கொண்டு நின்றது. முன்தண்டில் நின்றவனின் தோளில் சால்வை நழுவி, தண்டு எலும்பில் அழுத்திக்கொண்டிருந்தது. அவன் பல்லைக் கடித்தபடி, வாகனத்தை இறக்கிவைக்கத் தாங்குகட்டை கொண்டுவருகிறவனைக் கண்ணால் கூப்பிட்டான். பஞ்சலிங்கத்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“தம்பி, இறக்கிப்போட்டுச் சரி பண்ணாதை. பாரம் தோளிலை இருக்கேக்கையே இழுத்து விடு. இல்லாட்டி முறுகும்.”

சோமசேகரம் திரும்பிப் பார்த்தார்.

“நீ உன்ரை புத்தியை வீட்டோடை வைச்சுக்கொள், பஞ்சலிங்கம்” என்றார். ஆனால் தானே போய் அந்தச் சால்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

சாமி ஒழுங்கையின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பராசக்தி காரின் கதவைத் திறந்து, இருக்கைக்குக் கீழே உருண்டிருந்த தேங்காயை எடுத்தாள். பின்னிருக்கையில் கொழும்புப் பார்சல் இன்னும் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். புதுறப்பர்கள், எண்ணிப் பார்த்தால் ஆறு.

“இதென்ன மிச்சம்?”

“பின்சில்லுக்கு” என்றார் பஞ்சலிங்கம் மெல்ல. “அது ஒரு நாள் வேலை.”

பராசக்தி பார்சலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தேர் முடிந்து கொடியிறங்கும்வரை அது சாமியறை அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, பூட்டின் திறப்பு அவளுடைய சேலைத் தலைப்பு முடிச்சில்.